ஜவளகிரி இறக்கம்

பிப்ரவரி ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை. விடியுமுன் எழுந்தேன். கிணற்றடியில் குளித்தேன். மச்சான் மகளின் கல்யாண வீட்டில் பால் முழுவதும் பாயசத்துக்குப் போய்விட்டதால் கறுப்புக் காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த என் வண்டியிடம் போனேன்.

ரேடியேட்டரில் தண்ணீர். இன்ஜினில் எண்ணெய். சக்கரங்களில் காற்று. பாட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைத் தூளைத் துடைத்தேன். கடைசியாகக் கீழே குனிந்து பிரேக் கம்பிகளின் இழுப்பைக் கையால் தொட்டுப் பார்த்தேன். இந்த வரிசையை நான் ஒருநாளும் மாற்றியதில்லை.

எல்லாம் சரியாக இருந்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அன்று சாயங்காலம் ஓர் ஊரே வேறு மாதிரி பேசியது. காலையில் எல்லாம் சரியாக இருந்தது.

ஆட்டுப்பட்டியில் கிடந்தது

சென்ற வார இதழைத் தவறவிட்டவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் ஓசூர் தாலுகா கச்சேரியில் நில அளவை வரைபடங்கள் வரைந்துகொண்டிருந்தேன். நாற்பது வயது தாண்டியாயிற்று. கார் ஓட்டத் தெரியாது. ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றும் தெரியாது.

மத்திகிரிப் பக்கம் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார மாட்டு வைத்தியர் சீமைக்குத் திரும்பியபோது விட்டுப்போன சின்னக் கார் ஒன்று, பல கைகள் மாறி, ஓர் ஆட்டுப்பட்டிக்குள் கிடந்தது. பேபி கார் என்று சொல்வார்கள். பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை நான் வாங்கினேன். எதற்கு என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். எதையாவது ஒன்றை முழுதாகச் சரிசெய்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

கழற்றிய ஒவ்வொரு திருகாணிக்கும் ஓர் அட்டை கட்டினேன். எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று எழுதினேன். இன்ஜினைப் பெங்களூர் மெக்கானிக் ஒருவர் திறந்து பார்த்துக் கொடுத்தார். சீட்டை ஓசூர்த் தையல்காரர் தைத்தார். ஆனால் பிரேக் மட்டும் முழுக்க முழுக்க என் வேலை. வேறு யார் கையும் படவில்லை. சக்கரத்துக்குள் சுழலும் டிரம்மை உரசிப் பிடிக்கிற லைனிங் பட்டையில் பழையதைச் சுரண்டி எடுத்து, புதியதை வெட்டி, ஷூ என்கிற வளைந்த தகடுகளில் செம்பு ஆணியால் அடித்து மாட்டி, கம்பிகளை இழுத்துக் கட்டியது நான்.

லைனிங் வாங்கப் பெங்களூர் தண்டு, அதாவது கன்டோன்மென்ட் பக்கம் போய்வந்த கதை தனி. நம் பக்கம் மதுவிலக்கு. பெங்களூரில் கடை திறந்திருக்கும். அதனால் எல்லைச் சாவடியில் எந்த வண்டி வந்தாலும் சோதனை. பின்னால் நான் ஓட்டக் கற்று, முதல் தடவை காரிலேயே பெங்களூர் போய்த் திரும்பிய அன்று, புதிதாகத் தைத்த பின் சீட்டில் ஒரு காவலர் இரும்புக் கம்பியை ஓங்கிக் குத்தினார்.

"பாட்டில் இருந்தா கம்பி நிக்கும் சார். இல்லைன்னா உள்ள போயிடும்" என்றார்.

உள்ளே போயிற்று. "போலாம் சார்" என்றார். அந்த ஓட்டையை இன்று நினைத்தாலும் எனக்குக் காது சூடேறுகிறது. ஆனால் அந்தக் காவலர் முன்பின் தெரியாதவர், அவருக்கு அது உத்தியோகம். நான் இன்று எழுத வந்தது என் சொந்த மச்சானைப் பற்றி.

அழுகிற வண்டி

லைனிங் விற்ற பாய் முதலிலேயே சொல்லியிருந்தார்: "புதுசு சார். டிரம்மோட படியற வரைக்கும் கத்தும். கத்தட்டும். எண்ணெய் மட்டும் காட்டிடாதீங்க. காட்டினா வண்டி நிக்காது, மூச்சுதான் நிக்கும்."

அவர் சொன்னபடியே கத்தியது. மிதித்தால் போதும், பன்றியைப் பிடித்ததுபோல ஒரு சத்தம். ஓசூர்க் கடைவீதியில் பெட்டிக்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் பொருட்படுத்தவில்லை. கத்துகிற பிரேக், பிடிக்கிற பிரேக்.

ஆனால் எங்கள் பக்கத்துக் குடியானவர்களுக்கு வண்டி கத்துவது என்பது வேறு விஷயம். மாட்டு வண்டியின் அச்சு கிறீச்சிட்டால் அது வண்டிக்காரனின் மானம் போகிற சத்தம். அச்சுக்கு எண்ணெய் போட வக்கில்லாதவன், மாட்டையும் பட்டினி போடுகிறவனாகத்தான் இருப்பான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். சந்தைக்குப் போகும் வழியில் ஒரு வண்டி கத்தினால், பின்னால் வருகிற வண்டிக்காரர்கள் எல்லோரும் அவனை ஊர் வந்து சேரும்வரை விடமாட்டார்கள்.

என் மனைவி ருக்மணியின் அண்ணன் முனிரத்தினம் அப்படிப்பட்ட ஒரு குடியானவர். கெலமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் நல்ல நிலபுலன், நல்ல மாடுகள், நல்ல குரல். அவர் பெண் கனகாவுக்கு ஜவளகிரியில் மாப்பிள்ளை பார்த்து முடித்தபோது, "பொண்ணு மாப்பிள்ளைய எங்க கார்லயே அனுப்பி வைக்கிறோம்" என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எங்க கார்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டிக்கொண்ட பிறகு மறுத்தால் ருக்மணிக்குப் பிறந்த வீட்டில் தலை காட்ட முடியாது. ஒப்புக்கொண்டேன். கல்யாணத்துக்கு முதல்நாள் காரை ஓட்டிக்கொண்டு அவர் ஊருக்குள் நுழைந்து பிரேக்கை மிதித்தேன். பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கீழே பார்த்தார்கள்.

"இன்னா மாப்ள, வண்டி இப்படி அழுவுது? வயித்துக்குப் போடறதில்லையா?" என்றார் மச்சான்.

"புது லைனிங் மச்சான். பழகினா நின்னுடும்."

"ஒரு கரண்டி எண்ணெய் உட்டா இப்பவே நின்னுடும்."

"எண்ணெய் கூடாது. பிரேக்குக்கு எண்ணெய் விஷம்."

"சக்கரத்துக்கு எண்ணெய் விஷமா! இந்த ஜில்லாவுலயே இப்படிப் பேசற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"மச்சான், உருள்ற இடத்துக்கு எண்ணெய் வேணும். உரசிப் பிடிக்கிற இடத்துக்கு எண்ணெய் ஆகாது. ரெண்டும் வேற."

அவர் சிரித்தார். பந்தல்காரர்களும் சிரித்தார்கள். அவர் சிரித்தால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை. கேட்கவே இல்லை என்று அர்த்தம். எனக்கு அப்போது அது தெரியவில்லை.

தளியில் காப்பி

காலையில் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ருக்மணியும் மற்றப் பெண்களும் சீர் சாமான்களைப் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு முன்னால் புறப்பட்டார்கள். காரில் நாங்கள் நான்கு பேர். முன்னால் நானும் மச்சானும். பின்னால் கனகாவும் மாப்பிள்ளை சீனிவாசனும். மாப்பிள்ளை ஒல்லியான பையன், தலையில் ஜரிகைத் தலைப்பாகை. காரின் கூரை தாழ்வானதால் கழுத்தைச் சாய்த்தே உட்கார்ந்திருந்தார்.

சீர் சாமானில் ஒன்று மட்டும் காரில் வந்தது. பித்தளைத் தூக்கு நிறைய விளக்கெண்ணெய். அந்தக் குடும்பத்தில் பெண்ணோடு வீட்டில் காய்ச்சிய விளக்கெண்ணெய் ஒரு தூக்கு போக வேண்டும். ஆமணக்கு விதையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு மேலே மிதப்பதை வழித்து எடுப்பார்கள். கடைச் செக்கு எண்ணெயில் இல்லாத ஒரு புகை வாசனை இதில் இருக்கும். தூக்கை விளிம்புவரை நிரப்பியாக வேண்டும். குறைந்தால் பெண் வீட்டாருக்குக் கொடுக்க மனமில்லை என்று பேச்சு வரும். பஸ்ஸில் போனால் தளும்பும் என்று வாயைத் துணியால் கட்டி, கனகாவின் காலடியில் வைத்தார்கள்.

தேன்கனிக்கோட்டை தாண்டித் தளி வரை பாதை பெரும்பாலும் மேடும் சமதரையும்தான். வழியில் பிரேக்கை மிதித்த போதெல்லாம் அது கத்தியது. கத்திய போதெல்லாம் மச்சான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு சோளக்கொல்லையில் நின்ற பெண்கள் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார்கள். "பாருங்க, சிரிக்கறாளுங்க" என்றார். 

தளியில் மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒருவர் காரை மறித்துக் காப்பிக்குக் கூப்பிட்டார். புதுப் பெண் புகுந்த வீட்டுப் படி ஏறுமுன் வேறு வீட்டுக்குள் போகக் கூடாது. அதனால் கனகா காரிலேயே இருந்தாள்.

"நான் பொண்ணுக்குத் துணையா இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க" என்றார் மச்சான்.

மாப்பிள்ளையும் நானும் உள்ளே போனோம். காப்பி நன்றாக இருந்தது. வெளியே வந்தபோது மச்சான் வெற்றிலை மென்றுகொண்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். கனகா குனிந்த தலை நிமிரவில்லை. புதுப் பெண், அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்தேன்.

புறப்பட்டு, கடைசித் தெரு முனையில் ஆட்டு மந்தைக்காக மிதித்தேன். வண்டி நின்றது. சத்தமில்லை.

"பாத்தீங்களா மாப்ள! வண்டிக்குப் புத்தி வந்துடிச்சு" என்று மச்சான் தொடையைத் தட்டினார்.

லைனிங் ஒருவழியாகப் படிந்துவிட்டது என்று எனக்கும் சந்தோஷம்.

வைக்கோல்போர்

ஜவளகிரிக்குச் சற்று முன்னால் பாதை காட்டோரமாக வளைந்து இறங்குகிறது. இறக்கத்தின் அடியில் ஊர் முகப்பு. ஒரு பக்கம் கேழ்வரகு அடிக்கும் களம். அதை அடுத்துப் பாதையிலேயே ஆரத்தித் தட்டோடு பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். பஸ்ஸில் வந்த ருக்மணியின் பச்சைப் புடவையை மேலிருந்தே அடையாளம் கண்டுகொண்டேன். மேளக்காரர்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வளைவில் பிரேக்கை மிதித்தேன். கால் போயிற்று, வேகம் போகவில்லை. வழுக்குப் பாறையை மிதித்ததுபோல இருந்தது. மறுபடி மிதித்தேன். கைப்பிரேக்கை இழுத்தேன். அதுவும் அதே ஷூக்களைத்தான் பிடிக்கும், பிடிக்கவில்லை.

கியரைக் கீழே இறக்கினேன். இன்ஜின் அலறியது. கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. நேரே போனால் பெண்கள். இடது பக்கம் சரிவு. வலது பக்கம் களம், களத்தின் ஓரத்தில் பெரிய கேழ்வரகு வைக்கோல்போர். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தேன்.

வைக்கோலுக்குள் புகுந்து, முட்டி, நின்றோம். ஒரு கணம் எதுவும் தெரியவில்லை. மூக்கு, வாய், கண் எல்லாம் வைக்கோல் தூசி. மேளம் நின்றிருந்தது.

யாருக்கும் காயமில்லை. மாப்பிள்ளையின் தலைப்பாகை நசுங்கியிருந்தது. கனகா அவர் தோளைப் பிடித்த கையை எடுக்கவில்லை. நான் மாதக்கணக்கில் தேடி வாங்கிய முன்விளக்கு உடைந்திருந்தது. மட்கார்டு மடங்கிப் போயிருந்தது.

இறங்கி முதல் வேலையாகப் பின் சக்கரத்தின் அருகே குந்தினேன். டிரம் புகைந்துகொண்டிருந்தது. அந்த வாசனை! மூக்கில் ஏறியதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புகை வாசனையோடு கருகும் விளக்கெண்ணெய். தளியில் மெல்ல ஊர்ந்ததால் வண்டி நின்றது; எண்ணெய் லைனிங் முழுக்க ஊறியதும் இறக்கத்தில் பிடி விட்டுவிட்டது. டிரம்மின் முகத்தில் ஒரு சிறு துளை உண்டு. அதன் விளிம்பில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். வெற்றிலைத் துணுக்கு. வெற்றிலையைப் புனல் போலச் சுருட்டி, நான்கு சக்கரத்திலும் ஊற்றியிருக்கிறார்.

மச்சான் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மச்சான், என்ன பண்ணீங்க?"

"மெதுவாப் பேசுங்க மாப்ள. கொஞ்சந்தான் ஊத்தினேன்" என்றார் காதருகே. "கல்யாண வண்டி அழுதுக்கிட்டே ஊருக்குள்ள போறதா? நம்ம மானம் என்னாவுறது?"

"வந்த நேரம்"

மாப்பிள்ளையின் தாயார் பாப்பம்மாள் களத்தைக் குறுக்காகக் கடந்து வந்தார். கணவர் இறந்த பிறகு நிலத்தையும் மாடுகளையும் தனியாகக் கட்டி ஆண்டவர். அவர் கணவர் இறந்ததும் ஒரு விபத்தில்தான். ஆகவே அவர் பயந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். மகனின் தலை, கை, கால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். பிறகு கனகாவைப் பார்த்தார்.

"இவ காலு இன்னும் ஊரு மண்ணுல படல. அதுக்குள்ள என் புள்ள உசுரு போவ இருந்திச்சு. என்ன நேரமோ, தேவா!"

சுற்றி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நம் நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இனி அந்த வீட்டில் மாடு கறவை நின்றாலும், மழை தவறினாலும், அது கனகா வந்த நேரம்.

"நேரமெல்லாம் இல்லைங்க" என்றேன். "பிரேக்குல எண்ணெய் பட்டிருக்கு. அதான் நிக்கலை."

"எண்ணெயா? அங்க எப்படி எண்ணெய் வந்திச்சு?" என்றார் பாப்பம்மாள்.

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் சொல்ல வேண்டிய இடம் அது. ஒரே வாக்கியம். 'தெரியாம நான் ஊத்திட்டேன் சம்பந்தியம்மா.' சொல்லியிருந்தால் அவர்கள் சிரித்திருப்பார்கள், திட்டியிருப்பார்கள், ஆரத்தி எடுத்திருப்பார்கள். முடிந்திருக்கும்.

மச்சான் துண்டைச் சரிசெய்துகொண்டு என்னைக் காட்டினார். "எண்ணெய்க்கு எங்கங்க போறது? மாப்ள இப்பத்தான் ஓட்டக் கத்துக்கறாரு. பிரேக்கை எல்லாம் அவரே கழட்டி அவரே மாட்டறாரு. அதுல ஏதாச்சும் கோளாறா, இல்ல நேரந்தானா, யாரு கண்டா?"

  அந்த மனிதர் என் வேலையைக் குறை சொன்னார், அது இருக்கட்டும். 'இல்ல நேரந்தானா' என்று சேர்த்தாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தன் மானம் ஒரு விரல் அளவு குறையாமல் இருக்க, பெற்ற பெண்ணின் தலையில் அந்தச் சொல்லைத் தூக்கி வைத்தார்.

பாப்பம்மாள் முடிவு செய்துவிட்டார். தேன்கனிக்கோட்டை ஜோசியரை வரவழைத்துக் கேட்டுவிட்டுத்தான் பெண் வீட்டுக்குள் வர வேண்டும். ஆகாது என்று அவர் சொல்லிவிட்டால், பெண் தகப்பன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதுவரை எதிர் வீட்டில், மாப்பிள்ளையின் சித்தப்பா வீட்டில் இருக்கட்டும், அது வேற்று வீடு இல்லை என்றார். புதுப் பெண் காலால் தள்ளிவிட்டு உள்ளே வருவதற்காக வாசற்படியில் ஒரு படி அரிசி வைத்திருந்தார்கள். அதை ஒருத்தி எடுத்துக்கொண்டு உள்ளே போனதைக் கனகா தெருவிலிருந்தே பார்த்தாள்.

போதாததற்கு இன்னொன்று. காரில் வந்த தூக்கைத் திறந்த பெண்கள் உள்ளே பாதிதான் இருக்கிறது என்று கண்டார்கள். கட்டியிருந்த துணியோ காய்ந்திருந்தது. ஆகவே சிந்தவில்லை. "சீர்த் தூக்கைக் கொறையா அனுப்பியிருக்காங்க பாரு" என்று தெரு முழுக்கப் பேச்சு. அந்த மிச்சப் பாதி எங்கே என்று எனக்குத் தெரியும். மச்சானுக்குத் தெரியும். அவர் அதற்கும் வாய் திறக்கவில்லை.

சித்தப்பா வீட்டுக் கொல்லை

வெயில் தாழ்வதற்குள் மச்சானைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போனேன். ருக்மணியும் வந்தாள். எனக்குக் குரலை உயர்த்திப் பழக்கமில்லை. அன்று உயர்த்தினேன்.

"போய்ச் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க."

"சொன்னா நாளைக்கு அந்தப் பொம்பள என்னை எந்த எடத்துல வைக்கும்? காருக்கு எண்ணெய் ஊத்தின பட்டிக்காட்டான்னு இந்த ஊருல பேரு வாங்கச் சொல்றீங்களா?"

"உங்க பொண்ணை எந்த இடத்துல வச்சிருக்காங்கன்னு பாத்தீங்களா? யாரோ வீட்டு அடுப்படியில, கல்யாணப் புடவையோட!"

"ஜோசியரு வருவாரு. ஏதாச்சும் பரிகாரம் சொல்லுவாரு. பண்ணிட்டாப் போச்சு. நீங்க ஏன் இப்படிக் குதிக்கறீங்க? ஒரு வெளக்கு ஒடைஞ்சதுக்கா?"

விளக்கு! நான் அவரை அடித்திருப்பேன். ருக்மணி என் முழங்கையைப் பிடித்தாள்.

"விடுங்க. எங்க அண்ணன் சொல்ல மாட்டாரு. எங்கப்பாவும் இப்படித்தான். தப்புன்னு ஒரு வார்த்தை இவங்க தொண்டையில ஏறாது" என்றாள். பிறகு அண்ணனைப் பார்த்து, "ஆனா பொண்ணுக்காகக்கூட ஏறலைன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள்.

மச்சான் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுப்படியில் கனகா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். மாலை வாடியிருந்தது. நான் எதிரே குந்தினேன்.

"தளியில அப்பா உங்கிட்ட இருந்து தூக்கை வாங்கினாரா?"

அவள் தலையசைத்தாள். "வேணாம்பா, மாமா கோவிப்பாருன்னு சொன்னேன். மாமாவுக்கு என்ன தெரியும்னாரு."

"அப்ப நீ சொல்லிடும்மா. நீ சொன்னா நம்புவாங்க."

"நான் சொல்ல மாட்டேன் மாமா. நீங்களும் அப்பா பேரைச் சொல்லாதீங்க. வந்த அன்னிக்கே எங்கப்பாவைத் தலை குனிய வச்சிட்டு நான் அந்த வீட்டுல எப்படி இருக்கறது?"

எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. அந்த மனிதருக்காக இந்தப் பெண் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர் வெளியே யாரிடமோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். ஆனாலும், "சரிம்மா, பேரைச் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே களத்துக்குப் போனேன். ஜாக்கி வைத்துப் பின் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை எடுத்தேன். உள்ளே ஷூக்கள் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. என் செம்பு ஆணிகள் ஒன்றுகூட ஆடவில்லை. லைனிங் அடித்தது அடித்தபடி இருந்தது. இரண்டு ஷூக்களைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

மறுநாள்

மறுநாள் காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவவில்லை. முதல் வேலையாக அந்தப் பொட்டலத்தோடு தெருவைக் கடந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். பாப்பம்மாள் மாட்டுக் கொட்டகையில் பால் கறந்து முடித்து எழுந்துகொண்டிருந்தார்.

"ஜோசியரை அழைக்க ஆள் அனுப்பறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை மோந்து பாருங்க" என்றேன்.

என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். செம்பைக் கீழே வைத்தார். ஷூவை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி மோந்தார். விரலால் தொட்டு, விரல் நுனிகளைத் தேய்த்துப் பார்த்தார்.

"இது கடை எண்ணெய் இல்ல. ஊட்டுல காய்ச்சினது."

"நான் ஓசூர்ல கடை எண்ணெய்தாங்க வாங்கறேன்."

அவர் உள்ளே போனார். சீர்த் தூக்கை எடுத்துக்கொண்டு வந்தார். துணியை அவிழ்த்து மோந்தார். ஷூவை மோந்தார். தூக்கைச் சாய்த்து எண்ணெய் எதுவரை இருக்கிறது என்று பார்த்தார். பிறகு எதிரே சித்தப்பா வீட்டுப் பக்கம் ஒரு பார்வை. அங்கே மச்சான் வாசலில் உட்கார்ந்து வேப்பங்குச்சி மென்றுகொண்டிருந்தார்.

"வண்டி கத்துதுன்னு ஊத்திட்டாரா?" என்று கேட்டார்.

"நான் யாரையும் ஒண்ணும் சொல்லலைங்க."

"சொல்ல வேணாம். எங்க ஊட்டுக்காரரு இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பாரு." அவர் உதட்டோரம் லேசாகக் கோணியது. உடனே முகம் இறுகியது. "ஏங்க, நேத்து இது கத்திக்கிட்டே வந்திருந்தா?"

"நின்னிருக்கும்."

 அவர் ஷூவை என்னிடம் கொடுத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உள்ளே பார்த்து, "படியில அரிசி அளந்து வையுங்கடி" என்று கத்தினார். எதிர் வீட்டைப் பார்த்துத் தன் வீட்டு மொழியான கன்னடத்தில், "பாம்மா, ஒளகே பா" என்று கூப்பிட்டார். வாம்மா, உள்ளே வா.

கனகா வந்தாள். ருக்மணி அவள் கலைந்த தலையை நடந்துகொண்டே ஒதுக்கிவிட்டாள். மாப்பிள்ளை எங்கிருந்தோ ஓடி வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். அவர்களுக்குப் பின்னால் மச்சான், வேப்பங்குச்சியை எறிந்துவிட்டு, சலவைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு ராத்திரியில் அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"நான் நேத்தே நெனச்சேன் சம்பந்தியம்மா" என்றார். "நேரம் காலமெல்லாம் ஒண்ணும் கெடையாது. எல்லாம் நம்ம மனசுதான்."

 பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், இல்லையென்றால் அது அவர் தலையில் இறங்கியிருக்கும்.

பாப்பம்மாள் தூக்கை அவர் கையில் கொடுத்தார்.

"இதை எடுத்துக்கிட்டுப் போயி வாய் வரைக்கும் நெரப்பிக் கொண்டாங்க" என்றார். "இன்னிக்கே. பஸ்ஸுல போங்க."

மச்சான் தூக்குக்குள் பார்த்தார். நிமிர்ந்து, என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார். தெருவில் நின்ற யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது. அவருக்குப் புரிந்தது. முதல் பஸ் புளியமரத்தடியில் உறுமிக்கொண்டிருந்தது. தூக்கைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு அதை நோக்கி நடந்தார்.

கனகா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வலது காலால் அரிசிப் படியைத் தள்ளினாள். அரிசி கூடம் முழுக்கச் சிதறியது.